தகுதி எது? 1896இல் ஒரு கல்லூரி அணியின் கதை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. இது தமிழறிந்தார் அனைவரும் ஒப்பும் செய்தி. மக்கள் பாடினர், கேட்டவர் அப்பாட்டின் அமைதியை உணர்ந்தனர், உணர்ந்ததை நூற்பாவாக்கினர். பாட்டுக்கு மட்டுமன்று, விளையாட்டுக்கும் இம்முறை பொருந்தும். முதலில் ஆட்டம் பிறக்கிறது. ஆட்டத்தில் பூசல் விளைகிறது. பூசல் முற்றிய பிறகே விதி பிறக்கிறது. ஆட்டம் பிறந்துவிட்ட, விதி இன்னும் பிறவாத இடைக்காலத்தில் ஆடியவர்களின் நிலை இரங்கத்தக்கது. அவர்கள் செய்தது குற்றமா அன்றா என்று சொல்ல அன்று நூல் இல்லை. பின்னெழுந்த நூலைக் கொண்டே உலகம் அவர்களை அளக்கிறது.

அத்தகைய இடைக்காலத்து ஆட்டப் பருவம் ஒன்றே இவ்வுரையின் பொருள். ஆண்டு 1896. இடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், டெலவேர் ஆறும் லீஹை ஆறும் கூடும் ஈஸ்டன் நகரம். அந்நகரில் 1826ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற லாஃபயெட் கல்லூரியின் கால்பந்து அணி, அவ்வாண்டில் தோல்வியே காணாமல் பருவத்தை முடித்தது. பன்னிரண்டு ஆட்டங்கள், பதினொன்றில் வெற்றி, ஒன்று சமன். எனினும் அந்த அணியின் பெயர் இன்றுவரை பேசப்படுவதற்கு வெற்றி மட்டும் காரணமன்று. அதில் ஆடிய இருவர் ஆடத் தகுதி உடையவர்தாமா என்ற வினாவும் காரணமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

கதையைத் தொடங்குமுன் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும். அமெரிக்கக் கால்பந்து என்பது தமிழகத்துத் திடல்களில் ஆடப்படும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து மண்ணில் பதிப்பது அதன் நோக்கம். ஓர் அணிக்குப் பதினொருவர். முன்வரிசையில் நிற்போர் உடலால் மோதி வழி திறப்பர். பின்னிற்போர் பந்தை ஏந்தி ஓடுவர். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1896இல் இசைவில்லை. அவ்விசைவு 1906இல்தான் வந்தது. ஆகவே அன்றைய ஆட்டம் பெரும்பாலும் உடலோடு உடல் மோதும் வன்மையாகவே இருந்தது. தலைக்கவசம் அணியும் வழக்கமும் வேரூன்றவில்லை.

புள்ளிக் கணக்கும் இன்றையதன்று. பந்தை எல்லைக்கு அப்பால் பதித்தால் நான்கு புள்ளிகள். அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் மேலும் இரண்டு. இக்கணக்கை அவையோர் நினைவிற் கொள்க. ஒரு பேராட்டத்தின் முடிவு இந்த இரண்டு புள்ளிகளில்தான் தொங்கியது.

கல்லூரிகளுக்கிடையே இவ்வாட்டம் பரவிய விரைவில் அதன் ஒழுங்கு வளரவில்லை. யார் மாணவர், எத்தனை ஆண்டு ஆடலாம், ஊதியம் பெற்றவர் ஆடலாமா என்பனவற்றுக்கு நாடு தழுவிய பொதுவிதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு ஏற்றதைச் சொல்லிற்று. 1889இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒன்றன் ஆட்டக்காரர்மீது மற்றொன்று புகார் அடுக்கின. ஹார்வர்டு கூட்டமைப்பை விட்டே விலகியது. 1893இல் பட்டப்படிப்பு மாணவர் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதியை யேல் முன்னின்று வற்புறுத்தியது. சட்டமும் மருத்துவமும் பயின்ற மேற்படிப்பு மாணவர்களைக் கொண்டு ஆடிவந்த பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தை அவ்விதி நேரே தாக்கிற்று. அப்பல்கலைக்கழகமும் வெஸ்லியன் கல்லூரியும் கூட்டமைப்பிலிருந்து வெளியேறின.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. தகுதி என்ற சொல்லை எழுப்பியவர் எவரும் அதைத் தம் அணியை நோக்கி எழுப்பவில்லை. எதிரணியை நோக்கியே எழுப்பினர். தராசு ஒன்றுதான், அதை எப்போதும் அடுத்தவர் கடைக்கே கொண்டுசென்றனர்.

குதிரைச்சேணம் செய்பவரும் ஓட்டக்காரரும்

லாஃபயெட் அணிக்கு 1895 முதல் பயிற்சியாளராக இருந்தவர் பார்க் டேவிஸ். பிரின்ஸ்டனில் பயின்று ஆடியவர். பின்னாளில் ஈஸ்டனில் வழக்கறிஞராக விளங்கியவர். கால்பந்து வரலாற்றை எழுதி 1911இல் நூலாக வெளியிட்டவர். அவருடைய அணியில் காவல் நிலையில் நின்ற சார்லஸ் ரைன்ஹார்ட் பெருவலிமை படைத்தவர்; பின்னாளில் கல்லூரிக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். பந்தை ஏந்தி ஓடுவதில் பெயர் பெற்றவர் ஜார்ஜ் பார்க்ளே.

பார்க்ளே 1876இல் பென்சில்வேனியாவின் மில்டன் ஊரில் பிறந்தவர். முதலில் பக்னெல் கல்லூரியில் ஆடிவிட்டு லாஃபயெட்டுக்கு வந்தார். மோதல்களில் காது சிதைந்து தடித்துப்போவது அன்றைய ஆட்டக்காரர்க்கு வழக்கமான கேடு. அதைத் தவிர்க்க விரும்பிய பார்க்ளே, குதிரைச்சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரிடம் சென்று, தலையைச் சுற்றி அணியத்தக்க தோல்வார் ஒன்றைச் செய்துகொண்டார் என்பர். தலைக்கவசத்தைக் கண்டவர் என்ற புகழுக்கு உரிமை கொண்டாடுவோர் பிறரும் உண்டு. ஆயினும் 1896ஆம் ஆண்டின் அந்தத் தோல்வார் அக்கவசத்தின் முன்னோர்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

காதைக் காத்துக்கொண்ட அவ்விளைஞரால் தம் பெயரைக் காத்துக்கொள்ள இயலவில்லை. அவர் கால்பந்தோடு பேஸ்பாலும் ஆடுபவர். கோடை விடுமுறையில் சிற்றூர் அணிகள் கல்லூரி இளைஞர்களை அழைத்துப் பணம் கொடுத்து ஆடவைப்பது அக்காலத்தில் எங்கும் நிகழ்ந்தது. பலர் மாற்றுப் பெயர்களில் ஆடிவிட்டு, இலையுதிர் காலத்தில் மாணவராகத் திரும்பிவந்தனர். பார்க்ளே ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடியவர், ஆகவே கல்லூரி அணியில் நிற்கத் தகுதியற்றவர் என்று லீஹை பல்கலைக்கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது.

லீஹை பல்கலைக்கழகம் அதே பெயர்கொண்ட ஆற்றின் மேற்புறத்தில், ஈஸ்டனுக்கு அண்மையிலுள்ள பெத்லஹேம் நகரில் உள்ளது. இவ்விரு நிறுவனங்களும் 1884 முதல் எதிரெதிர் நின்று ஆடிவருபவை. அந்நாளில் ஆண்டுக்கு இருமுறையும் ஆடின. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிகுதியான முறை ஆடப்பெற்ற இணை இதுவே. 2020இல் பெருந்தொற்றால் ஆட்டம் தடைப்பட்டபோதும், அதை 2021 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்து ஆடி முடித்தனர். அத்தகைய நெடுமரபில் ஆட்டமே நடவாத பருவம் ஒன்று உண்டென்றால் அது 1896தான். பார்க்ளேயை நிறுத்தினால் ஆடோம் என்றது லீஹை. பார்க்ளேயை லாஃபயெட் விடவில்லை. ஓர் இளைஞரின் கோடைக்கால ஊதியம் இரண்டு ஊர்களின் திருவிழாவை நிறுத்திவைத்தது.

ஒரு வாரத்து மாணவர்

இரண்டாமவரின் கதை வேறு. ஃபீல்டிங் யோஸ்ட் 1871இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டே கால்பந்து அணியில் முன்வரிசையில் நின்றவர். 1896 அக்டோபர் நடுவில் மேற்கு வர்ஜீனிய அணியும் லாஃபயெட் அணியும் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் ஆடின. மூன்றிலும் லாஃபயெட்டே வென்றது. தோற்ற அணியில் நின்ற யோஸ்டின் வலிமை வென்ற அணியின் பயிற்சியாளர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அப்போது லாஃபயெட்டின் முன்னே நின்றது பெரியதோர் ஆட்டம். பென்சில்வேனியப் பல்கலைக்கழக அணி 1894 முதல் தொடர்ச்சியாக முப்பத்துநான்கு ஆட்டங்களில் வென்றிருந்தது. அதன் பயிற்சியாளர் ஜார்ஜ் வுட்ரஃப், முன்வரிசைக் காவலரைப் பின்னுக்கு இழுத்து, பந்தேந்தி ஓடுபவர்க்கு முன் அவர்களை மதயானைபோல் பாயவிடும் உத்தியை வகுத்தவர். அதைத் தாங்கி நிற்க வலிய வரிசை வேண்டும். லாஃபயெட்டோ சிறிய கல்லூரி. பருவத்தின் தொடக்கத்தில் பேரணியான பிரின்ஸ்டனோடு ஒரு புள்ளியும் விட்டுக்கொடாமல் சமன் செய்திருந்த போதிலும், பென்சில்வேனியாவை வெல்லும் என்று எதிர்பார்த்தோர் சிலரே.

1896 அக்டோபர் 24, சனிக்கிழமை. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்லின் ஃபீல்டு திடல். லாஃபயெட் வரிசையில் ஒரு புதிய மாணவர் நின்றார். அவர், முந்திய வாரம் அதே லாஃபயெட்டை எதிர்த்து ஆடிய யோஸ்ட். இடையில் அவர் லாஃபயெட் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்!

இரு அணிகளும் ஒவ்வொரு முறை பந்தைப் பதித்தன. ஆளுக்கு நான்கு புள்ளிகள். லாஃபயெட் அதன்பின் பந்தை உதைத்து மேலும் இரண்டு பெற்றது. பென்சில்வேனியா அவ்விரண்டைப் பெறவில்லை. ஆறுக்கு நான்கு. முப்பத்துநான்கு வெற்றிகளின் சங்கிலி அறுந்தது. பென்சில்வேனியா அதற்குப் பின்னும் சோரவில்லை. 1898 வரை மேலும் முப்பத்தோர் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அறுபத்தைந்து வெற்றிகளுக்கு நடுவே ஒரே ஒரு தோல்வி. அது ஈஸ்டன் கல்லூரி தந்தது.

யோஸ்ட் தாம் லாஃபயெட்டுக்குத் திரும்பிவந்து படிப்பை முடிக்கப்போவதாக உறுதி கூறினார். இரண்டு வாரத்திற்குள் மேற்கு வர்ஜீனியாவில் இருந்தார். லாஃபயெட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1897இல் மேற்கு வர்ஜீனியாவிலேயே சட்டப் பட்டம் பெற்றார். போட்டிக் கல்லூரிகள் இதைக் கண்டு முகம் சுளித்தன. ஆனால் முகம் சுளிப்பதற்கு மேல் எதுவும் செய்வதற்கு அன்று விதி இல்லை.

இரண்டு வினாக்கள்

அவையோரே, இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். பார்க்ளேமீதும் யோஸ்ட்மீதும் எழுந்த குறை ஒரே பெயரால் வழங்கப்படுகிறது. தகுதிப் பூசல் என்று இரண்டையும் ஒருசேரச் சொல்கிறார்கள். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. பார்க்ளேயை நோக்கிய வினா, 'பணம் பெற்றவனா?' என்பது. யோஸ்டை நோக்கிய வினா, 'இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவனா?' என்பது. முதல் வினா கைப்பொருளைப் பற்றியது. இரண்டாவது உறவைப் பற்றியது.

இவ்விரண்டில் எது ஆட்டத்தின் அறத்தோடு நெருங்கியது? இரண்டு கல்லூரிகள் ஆடுகின்றன என்று சொல்லி மக்களை அழைத்துவிட்டு, அக்கல்லூரியோடு தொடர்பில்லாத ஒருவரை ஒரு வாரத்துக்கு வரவழைத்து நிறுத்தினால், அழைப்பே பொய்யாகிவிடுகிறது. எதிரே நின்று மோதும் மாணவர்க்கும் அது தீங்கு. சொந்த அணியில் இடமிழந்து வெளியே அமர்ந்த மாணவர்க்கும் அது தீங்கு. யோஸ்டுக்கு அன்று வயது இருபத்தைந்து. அவரைவிட அவரை அழைத்தவர்களே இதற்குப் பொறுப்பு மிக்கவர்கள். வெற்றியின் இனிமையை நீக்கிவிட்டுப் பார்த்தால், லாஃபயெட் அந்த நாளில் செய்தது நேர்மைக்குப் பொருந்தாது என்பதை அக்கல்லூரியின் அன்பரும் ஒப்பத்தான் வேண்டும்.

பார்க்ளேயின் நிலை அவ்வாறன்று. அவர் கோடையில் தம் உடலால் உழைத்துப் பொருள் ஈட்டினார். அதனால் அவர் மாணவர் அல்லாதவர் ஆகிவிட்டாரா? அவர் 1896க்குப் பின்னும் லாஃபயெட் அணியில் ஆடினார். 1902 முதல் 1905 வரை செயிண்ட் லூயி, பாஸ்டன் ஆகிய பெரிய பேஸ்பால் அணிகளில் வெளிப்படையாகத் தொழில்முறையில் ஆடினார். 1908இல் அதே லாஃபயெட் கல்லூரிக்குக் கால்பந்துப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். மறு ஆண்டே, 1909 ஏப்ரலில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். 'இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவனா?' என்று கேட்டால் பார்க்ளே போல் விடை சொல்லத்தக்கவர் சிலரே. ஆனால் லீஹை ஆட்டத்தை நிறுத்தியது அவர் பொருட்டே.

ஊதியத்தை வெறுத்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட இயலாது. கூலிக்கு ஆடும் நாடோடிகள் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பருவம் ஒரு கல்லூரி, மறுபருவம் மற்றொரு கல்லூரி என்று திரிந்தனர். பந்தயப் பணமும் அவர்கள் பின்னே திரிந்தது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் காஸ்பர் விட்னி போன்றோர் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினர். அவர்களுடைய அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. எனினும் அவர்கள் கையிலெடுத்த அளவுகோலின் பிறப்பை நோக்கினால் அதன் கோணல் விளங்கும்.

அமெச்சூர் என்ற சொல் தமிழ் நாடக மேடையிலும் வழங்குவது. தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் ஆடுபவர் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியோர் 1879இல் இச்சொல்லுக்கு வரையறை வகுத்தபோது, பரிசுப்பணத்துக்குப் போட்டியிட்டவரை மட்டும் விலக்கவில்லை. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரையும் உழைப்பாளியையும்கூட விலக்கினர். படகோட்டிப் பணம் பெற வேண்டியதில்லை. கையால் உழைத்துப் பிழைத்தாலே போதும், அவர் தகுதியற்றவர். தூய்மை என்று பெயர் சூட்டப்பெற்ற அவ்விதியின் உள்ளே குலப்பெருமை ஒளிந்திருந்தது. அந்த நீர் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தே அமெரிக்கக் கல்லூரித் திடல்களில் பாய்ந்தது. தந்தையின் செல்வத்தால் கோடையைக் கடற்கரையில் கழித்த மாணவர் தூயவர். கோடையில் ஆடிக் கல்விக்குப் பொருள் தேடியவர் மாசுற்றவர்.

இவ்விதியின் கொடுமையை உலகறியச் செய்த நிகழ்ச்சி பின்னர் நேர்ந்தது. அதே பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் செவ்விந்தியர் பள்ளியில் பயின்ற ஜிம் தார்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் தங்கம் வென்றார். 1909, 1910ஆம் ஆண்டுக் கோடைகளில் வட கரோலினாவில் சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பதைக் காட்டி, 1913இல் அவருடைய பதக்கங்களைப் பறித்தனர். அவர் தம் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். மாற்றுப் பெயரில் ஆடியிருந்தால் தப்பியிருக்கக்கூடும். மறைத்தவர் பிழைத்தார், மறையாதவர் வீழ்ந்தார். 1953இல் தார்ப் மறைந்தார். 1982இல் பதக்க உரிமை மீண்டது. 2022 ஜூலையில்தான் அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு முழுமையாக ஏற்றது. பார்க்ளேமீது வீசப்பெற்ற அதே கல்தான் தார்ப் மீதும் விழுந்தது.

விதி வந்த வழி

யோஸ்ட் என்ன ஆனார் என்று அறிய அவையோர் விரும்பக்கூடும். அவர் பெரும்புகழ் பெற்றார். 1897 முதல் 1900 வரை ஆண்டுக்கொரு நிறுவனமாக ஒஹையோ வெஸ்லியன், நெப்ராஸ்கா, கான்சஸ், ஸ்டான்ஃபோர்டு எனப் பயிற்றுவித்துவிட்டு, 1901இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அவ்வாண்டு அவருடைய அணி எதிரிக்கு ஒரு புள்ளியும் கொடாமல் ஐந்நூற்றைம்பது புள்ளிகள் குவித்தது. 1905 நவம்பர் 30இல் சிகாகோவிடம் இரண்டுக்குச் சுழியம் என்று தோற்கும்வரை ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே கண்டதில்லை.

அந்த 1905ஆம் ஆண்டில்தான் ஆட்டக்களச் சாவுகளும் ஊழல்களும் நாட்டை உலுக்கின. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்டத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் கல்லூரிகளின் தேசியச் சங்கம் தோன்றியது. 1910 முதல் அது என்.சி.ஏ.ஏ. என்று வழங்குகிறது. 1906 ஜனவரியில் மேற்குக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்கள் சிகாகோவில் கூடின. கூட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல். யோஸ்டுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் தலைவர் அவரே! புதிதாகச் சேர்ந்த மாணவர் ஓராண்டு கல்லூரியில் தங்கிப் பயின்ற பின்னரே ஆடலாம் என்றும், மூன்று ஆண்டுக்கு மேல் ஆடலாகாது என்றும், மேற்படிப்பு மாணவர் ஆடலாகாது என்றும் அங்கே விதிகள் வகுக்கப்பெற்றன.

ஓராண்டுத் தங்கல் விதியை ஒருமுறை திரும்பப் படித்தால், அதன் வரிகளுக்கிடையே ஃபிராங்க்லின் ஃபீல்டு திடலில் நின்ற ஒரு வாரத்து மாணவரின் நிழல் தெரியும். அவரைப் போன்றோரைத் தடுக்கவே அவ்விதி எழுந்தது. அவ்விதிகள் மிச்சிகன் அணியை இறுக்கின. பொறாத மிச்சிகன் கூட்டமைப்பை விட்டு வெளியேறி, 1917 வரை தனித்தே நின்றது. இலக்கியம் தந்த ஒருவரே இலக்கணத்தால் கட்டுண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பயிற்சியாளர் டேவிஸின் கதையிலும் ஒரு முரண் உண்டு. 1934இல் மறைவதற்குச் சற்று முன்னர், கடந்த ஆண்டுகளின் தலைசிறந்த அணிகளை ஆராய்ந்து பட்டியல் ஒன்றை அவர் தொகுத்தார். 1896ஆம் ஆண்டுக்கு அவர் கண்ட சிறந்த அணிகள் இரண்டு: ஒன்று பிரின்ஸ்டன், அவர் பயின்ற இடம், மற்றொன்று லாஃபயெட், அவர் பயிற்றுவித்த இடம். ஆட்டத்தை நடத்தியவரே அதன் வரலாற்றை எழுதி, தீர்ப்பையும் வழங்கினார். தீர்ப்பு தவறென்று சொல்ல இயலாது. பதினொரு வெற்றியும் பிரின்ஸ்டனோடு சமனும் அதற்குப் போதிய சான்று. ஆயினும் யார் எழுதுகோலைப் பிடித்திருக்கிறார் என்பதை நோக்காமல் வரலாற்றைப் படிக்கலாகாது என்னும் பாடம் அதில் உண்டு.

பரிசிலும் பாட்டும்

நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. என்.சி.ஏ.ஏ. பல்லாண்டுகள் காத்துவந்த ஊதிய விலக்கு நீதிமன்றங்களில் படிப்படியாகத் தளர்ந்தது. 2021 ஜூன் 21இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவ ஆட்டக்காரர்க்குரிய கல்விசார்ந்த பயன்களுக்கு அச்சங்கம் வரம்பு விதித்தது சட்டத்துக்கு மாறானது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. ஜூலை முதல் நாளிலிருந்து தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்ட மாணவர்க்கு உரிமை கிடைத்தது. 2025 ஜூனில் ஏற்கப்பெற்ற இணக்கத் தீர்வின்படி, கல்லூரிகளே தம் ஆட்டக்காரர்க்கு நேரே பணம் வழங்கலாயிற்று. பார்க்ளேயின் கோடைக்கால ஊதியம் இன்று ஒரு செய்தியாகவும் இராது. அவரை நோக்கி வீசப்பெற்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: உழைத்துப் பெற்றது குற்றமன்று.

ஆனால் மற்றொரு வினா முடியவில்லை. 2021இல் ஒருமுறையும், 2024 முதல் பலமுறையும், படிப்பில் குறையில்லாத மாணவர் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்று விதி நெகிழ்ந்தது. ஓராண்டுத் தங்கல் என்ற பழைய வேலி சாய்ந்துவிட்டது. நான்கு ஆண்டில் மூன்று கல்லூரிகளின் உடையை அணியும் ஆட்டக்காரர் இன்று அரியர் அல்லர். 'இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவனா?' என்ற வினா, யோஸ்ட் புதிய உடையில் நின்ற அந்தச் சனிக்கிழமையைப் போலவே இன்றும் நிற்கிறது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கப் புலவர் பரிசில் பெற்றனர். யானையும் பொன்னும் பெற்றதால் அவர் பாட்டு இழிந்துவிடவில்லை. வள்ளலிடம் பெற்றவர் வழியில் கண்ட வறியவரை அவ்வள்ளலிடம் செலுத்துவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஓர் இலக்கிய வகை எழுந்தது. பொருள் பெறுவது இழுக்கென்று அம்மரபு கருதவில்லை. அதே மரபில்தான், தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். அவர் மறுத்தது பொருளையன்று, உறவில்லாத கொடையை. காண்பதும் அறிவதும் இல்லாத இடத்தில் பெறுவது வாணிகம் என்று அப்புலவர் எண்ணினார். பெறுவதா என்பதைவிட, எந்த உறவில் பெறுவது என்பதே தகுதியின் அளவு என்று அவர் கண்டார்.

1896ஆம் ஆண்டின் கல்லூரித் தலைவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கியிருந்தால், பார்க்ளேயின் பொருட்டு ஒரு திருவிழா நின்றிராது. யோஸ்டின் பொருட்டு ஒரு வெற்றி கறைபட்டிராது. அவர்கள் கையை நோக்கினர், வேரை நோக்கவில்லை. கையில் காசு இருந்தவரை வெளியே நிறுத்த முயன்றனர். வேரே இல்லாமல் வந்தவரை உள்ளே நிறுத்தி வென்றனர்.

சேணத்தொழிலாளி தைத்த தோல்வாரைத் தலையில் கட்டி ஓடிய அந்த இளைஞர், பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தாம் ஆடிய கல்லூரிக்கே திரும்பி வந்தார் என்பதைச் சொல்லி இவ்வுரை நிறைவு பெறலாம். திரும்பி வருவேன் என்று சொன்னவர் வேறொருவர். வந்தவர், வரத் தகுதியில்லை என்று பழிக்கப்பெற்றவர்.